பெயர்ப் பட்டியலில் பறிபோகும் ஓட்டு: அமெரிக்கத் தேர்தலும் குமரி மாவட்டக் குடும்பங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் 2026 நவம்பர் 3-ம் தேதி அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், மேலவையில் (செனட்) சுமார் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் அன்று வாக்குப்பதிவு. தமிழ் நாளிதழ்களில் இது பற்றி வரும் செய்திகள் டிரம்ப் என்ன சொன்னார், எதிர்க்கட்சி என்ன பதில் சொன்னது என்பதோடு நின்றுவிடுகின்றன. யாருடைய பெயர் பட்டியலில் இருக்கிறது, யாருடையது எந்த விதியால் நீங்குகிறது என்பது வருவதில்லை. மார்த்தாண்டம், கருங்கல், நாகர்கோவில் பக்கம் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நர்ஸ்களும் கம்ப்யூட்டர் பொறியாளர்களும் உள்ள குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு இது சொந்த வீட்டு விவகாரம். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீள்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எண்ணும் நாளில் மோசடி நடக்கிறது என்று அங்கே இரு தரப்பும் மாறி மாறிக் கத்துகின்றன. ஆனால் ஓட்டு பறிபோவது அதற்குப் பல மாதம் முன்பே, பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் மேசையில். அங்கே நடப்பதைக் கவனிக்கிறவர்கள் மிகக் குறைவு. கட்சிச் சண்டை முற்ற முற்ற, எதிர்த் தரப்பின் பெயர்கள் எல்லாம் போலி என்ற எண்ணம் வளர்கிறது. பெயரை நீக்குவதே ஜனநாயகத்தைக் காப்பது என்று நல்லவர்களும் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

அங்குள்ள ஏற்பாடு நம்முடையதிலிருந்து அடியோடு வேறு. நம் அரசியல் சட்டத்தின் 324-வது பிரிவு, பட்டியல் தயாரிப்பதிலிருந்து தேர்தல் நடத்துவது வரை ஒரே ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. அமெரிக்காவிலும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று உண்டு. அது பார்ப்பது தேர்தல் நிதிக் கணக்கை மட்டும்தான். தேர்தலை நடத்துகிறவை 50 மாநிலங்களும், அவற்றின் கீழ் 10,000-க்கும் மேற்பட்ட கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), நகர அலுவலகங்களும். பெரும்பாலான மாநிலங்களில் தலைமைத் தேர்தல் அதிகாரியே கட்சி வேட்பாளராக நின்று ஜெயித்து வந்தவர்தான். எந்த அடையாள அட்டை செல்லும், தபால் ஓட்டு யாருக்கு, பதிவுக்குக் கடைசி நாள் எது என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது. ஓரிகனில் வாக்குச்சீட்டு எல்லோருக்கும் தபாலில் வீடு தேடி வரும். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் சொல்லும் விவரத்தை வைத்து டெக்சாஸில் இருக்கும் தங்கை நடந்துகொள்ளக் கூடாது.

அதிகாரம் இப்படிச் சிதறிக் கிடப்பதில் ஒரு நன்மை உண்டு: ஒரே இடத்தில் உட்கார்ந்து நாடு முழுவதுக்குமான முடிவை யாராலும் மாற்ற முடியாது. தீமைக்கு அமெரிக்கத் தென் மாநிலங்களின் வரலாறு சாட்சி. 1870-ல் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் வந்த 15-வது திருத்தம், நிறத்தைக் காரணம் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்றது. தென் மாநிலங்கள் சட்டத்தில் நிறத்தை எழுதாமலே காரியத்தைச் சாதித்தன: எழுத்தறிவுத் தேர்வு வைத்தன, தலைவரி கட்டிய ரசீது கேட்டன, தேர்வில் தேறியவர் யார் என்று சொல்லும் அதிகாரத்தைப் பதிவு அலுவலரிடமே விட்டன. (திருவிதாங்கூரிலும் அதன் சட்டசபையான ஸ்ரீமூலம் சபைக்கு நிலவரி கட்டுகிறவருக்கே வாக்கு என்றிருந்த காலம் உண்டு. நிலமில்லாத நம் முன்னோர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.) 1965 மார்ச் 7-ல் அலபாமாவின் செல்மா பாலத்தில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் நடத்திய தடியடிக்குப் பிறகு, ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன் மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவாகியிருந்த கருப்பினத்தவர் 6.7 சதவீதம், 1967-ல் 59.8 சதவீதம்.

அந்தச் சட்டத்தின் உயிர் 5-வது பிரிவில் இருந்தது. பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும், ஒரு பூத்தை இடம் மாற்றுவதானாலும்கூட, மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன் அனுமதி வாங்க வேண்டும். 2013 ஜூன் 25-ல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், எந்த மாநிலங்களுக்கு இது பொருந்தும் என்று சொன்ன பழைய சூத்திரத்தை ரத்து செய்தது. பிரிவு இன்னும் ஏட்டில் இருக்கிறது. அதற்குக் கட்டுப்பட மாநிலம்தான் இல்லை. முன்பு, தன் மாற்றத்தால் யாருக்கும் பாதிப்பில்லை என்று மாநிலம் நிரூபிக்க வேண்டும். இப்போது, பாதிக்கப்பட்டவர் வக்கீல் வைத்து வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் தேர்தல் நடந்து முடிந்துவிடுகிறது.

பட்டியல் எப்படித் தவறாகிறது என்பதற்கு டெக்சாஸில் 2019 ஜனவரியில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் இல்லை. வாக்காளர் பட்டியலில் குடியுரிமை இல்லாதவர்கள் சுமார் 95,000 பேர் இருக்கலாம் என்றும், அவர்களில் 58,000 பேர் ஏதோ ஒரு தேர்தலில் ஓட்டும் போட்டிருக்கிறார்கள் என்றும் மாநில அரசு அறிவித்தது. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. அந்தக் கணக்குக்கு அடிப்படை டிரைவிங் லைசென்ஸ் பதிவேடு. கிரீன் கார்டோடு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, குடியுரிமை அல்ல) இருக்கும்போது ஒருவர் லைசென்ஸ் எடுக்கிறார். பதிவேட்டில் 'குடியுரிமை இல்லாதவர்' என்று ஏறுகிறது. லைசென்ஸ் பல ஆண்டு செல்லும். நடுவில் அவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்து, முறைப்படி வாக்காளராகப் பதிவு செய்து, ஓட்டும் போடுகிறார். லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அதனால் அங்கே பழைய விவரமே கிடக்கிறது. இரண்டு பதிவேட்டையும் கணினியில் பொருத்தியதும் அவர் 'சந்தேகத்துக்குரியவர்' ஆகிவிட்டார். சில நாட்களிலேயே சுமார் 25,000 பேர் குடியுரிமை பெற்றவர்கள்தான் என்று தெரிந்தது. வழக்குகள் வந்தன, ஏப்ரலில் மாநிலம் அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்றது. இதில் மாட்டியவர்கள் யார் என்று பாருங்கள். பிறப்பால் அமெரிக்கரான யாரும் இந்த வலையில் சிக்க வழியில்லை. ஒழுங்காக வரிசையில் நின்று, தேர்வு எழுதி, உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை வாங்கியவர்களே சிக்கினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அந்த வகைதான்.

2025-ல் மத்திய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, குடியுரிமை சரிபார்க்கும் தன் 'சேவ்' கணினி முறையை விரிவாக்கி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (நம் ஆதார் போல அங்கே அரசு தரும் எண்) வைத்து மொத்தமாகப் பெயர்களைத் தேட மாநிலங்களுக்கு வழி செய்தது. சோஷியல் செக்யூரிட்டி பதிவேட்டிலும் அதே குறை உண்டு. பல ஆண்டு முன்பு வேலை விசாவில் வந்தபோது எண் வாங்கியவர் குடியுரிமை பெற்ற பிறகு அங்கே போய் மாற்றியிருக்காவிட்டால், பழைய நிலையே நிற்கும். ஒருவர் குடிமகனா என்று சரிபார்ப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. குடிமகன் அல்லாதவர் ஓட்டுப் போடக் கூடாது என்பதில் எங்களுக்கும் இரண்டாவது கருத்து இல்லை. பழைய பதிவேட்டை வைத்து முதலில் நீக்கிவிட்டுப் பிறகு விசாரிப்பதைத்தான் ஏற்க முடியாது.

அடுத்தது பெயர். குமரி மாவட்டத்தில் பெயர் வைக்கும் முறையும் அமெரிக்கக் கணினியும் ஒத்துப்போவதே இல்லை. மேரி ஷீலா என்று ஒரு பெண், அப்பா பெயர் வறுவேல், கணவர் பெயர் ததேயுஸ் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் வ. மேரி ஷீலா. கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் வறுவேல், புதுப்பித்ததில் ததேயுஸ். சோஷியல் செக்யூரிட்டி அட்டை முதல் பாஸ்போர்ட்டை வைத்து வாங்கியது, லைசென்ஸ் இரண்டாவதை வைத்து எடுத்தது. குடியுரிமைச் சான்றிதழில் 'மேரி' முதல் பெயராகவும் 'ஷீலா' நடுப்பெயராகவும் பிரிந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தைக் காலியாக விட்டவர்களுக்கு வேறு தொல்லை: விசாவில் முழுப் பெயரும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று விழும். அதுவே லைசென்ஸிலும் ஏறிக்கொள்ளும்.

2002-ம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, புதிதாகப் பதிவு செய்கிறவரின் விவரத்தை லைசென்ஸ் எண்ணோடோ, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கத்தோடோ ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பது மாநிலத்தின் விருப்பம். ஜார்ஜியாவில் 2018-ல் 'எழுத்துக்கு எழுத்து பொருத்தம்' என்ற விதியால் சுமார் 53,000 விண்ணப்பங்கள் நிலுவையில் நின்றன. ஒரு இணைப்புக்கோடு விடுபட்டாலோ, அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் ஓர் எழுத்தை மாற்றி அடித்தாலோ போதும். 'தங்கராஜ்' என்பதில் ஆங்கில 'எச்' எங்கே வரும் என்பதில் நம் வீட்டிலேயே அண்ணனும் தம்பியும் ஒத்துப்போவதில்லை. ஜார்ஜியா அலுவலகத்தில் எப்படி ஒத்துப்போகும்?

இதைச் சரிசெய்ய ஒரு வரிசை உண்டு. வரிசை தப்பினால் அலைச்சல். குடியுரிமைச் சான்றிதழில் உள்ள பெயர்தான் மூலம். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்திலேயே பெயரை ஒழுங்குபடுத்தக் கேட்கலாம். அப்போது விட்டுவிட்டால் பிறகு தனியாக நீதிமன்றம் போக வேண்டிவரும். சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம். அங்கே பெயரை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடக் கூடாது. குடியுரிமை நிலையையும் மாற்றுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அது பதிவாகச் சில நாள் விட்டு, பிறகு லைசென்ஸ் அலுவலகம். அங்குள்ள கணினி சோஷியல் செக்யூரிட்டி விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் இந்த வரிசை. அதன் பிறகே வாக்காளர் பதிவு, லைசென்ஸில் உள்ள அதே எழுத்துகளில். முடிந்த பின் மாநிலத் தேர்தல் இணையதளத்தில் தன் பெயரைத் தேடி, திரையில் தெரியும் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பட்டியலில் ஒருமுறை ஏறிவிட்டால் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. 1993-ம் ஆண்டுச் சட்டப்படி, வீடு மாறிவிட்டார் என்று சந்தேகித்து ஒருவர் பெயரை எடுப்பதற்கு முன், அவருக்கு அஞ்சல் அட்டை அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டாலும் இரண்டு கூட்டாட்சிப் பொதுத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டும். தேர்தலுக்கு 90 நாளுக்குள் மொத்தமாகப் பெயர் நீக்கும் வேலையைச் செய்யக் கூடாது. இந்த முறை அந்தக் கெடு ஆகஸ்ட் 5. சில மாநிலங்கள் இந்தச் சட்டத்துக்கு விலக்கு பெற்றவை. மற்ற இடங்களில் இதுதான் காவல். ஆனால் ஓஹியோவில் இரண்டு ஆண்டு ஓட்டுப் போடாமல் இருந்தாலே வீடு மாறியிருக்கலாம் என்று வைத்து அட்டை அனுப்பினார்கள். அதற்குப் பதிலும் இல்லை, அடுத்த நான்கு ஆண்டு ஓட்டும் போடவில்லை என்றால் பெயரை எடுத்தார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை 5-க்கு 4 என்று ஏற்றுக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ் இரண்டு தேர்தலைத் தவறவிடுவது சாதாரணம். அந்த அட்டையோ விளம்பரத் தபாலோடு தபாலாக வந்து குப்பைக்குப் போய்விடும். கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் பெயர் போட்ட எந்தக் காகிதத்தையும் பிரித்துப் படிக்காமல் எறியக் கூடாது என்று இங்குள்ள பெற்றோர் போனில் சொன்னாலே பாதி ஆபத்து நீங்கும்.

பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணம் காட்ட வேண்டும் என்ற முயற்சியும் நடக்கிறது. 2025 மார்ச்சில் அதிபர் ஒரு நிர்வாக உத்தரவு போட்டார். ஆவணம் கேட்கும் பகுதியை நீதிமன்றங்கள் தடுத்தன. ஏப்ரலில் அதே நோக்கத்தோடு ஒரு மசோதா பிரதிநிதிகள் சபையில் 220-க்கு 208 என்று நிறைவேறியது. இது எப்படி முடியும் என்பதைக் கன்சாஸ் மாநிலம் முன்பே காட்டிவிட்டது. 2013 முதல் அங்கே ஆவணம் கேட்டார்கள்; 31,000-க்கும் மேற்பட்டவர்களின் விண்ணப்பம் நின்றது. நீதிமன்றத்தில் கணக்குப் பார்த்தபோது, 19 ஆண்டுகளில் பட்டியலில் ஏறியிருந்த குடியுரிமை இல்லாதவர்கள் அதிகபட்சம் 39 பேர். தவறாக ஏறிய 39 பேரைத் தடுக்க, தகுதியுள்ள ஆயிரக்கணக்கானோரை வெளியே நிறுத்தினார்கள். கல்யாணத்தில் பெயர் மாறிய பெண்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் உதவாது. குடியுரிமைச் சான்றிதழை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு மறந்தவர்கள் அதன் நகலையும், செல்லுபடியாகும் அமெரிக்க பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

தபால் ஓட்டில் தள்ளுபடியாவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை: தாமதமாக வந்தது, கையெழுத்துப் போட மறந்தது, போட்ட கையெழுத்து கோப்பில் உள்ளதோடு ஒத்துப்போகாதது. லைசென்ஸில் ஆங்கிலத்தில் போட்டவர் உறையில் தமிழில் போட்டால் ஒத்துப்போகாது. பென்சில்வேனியாவில் வாக்குச்சீட்டை உள் உறையில் வைத்து ஒட்டி, அதை வெளி உறையில் வைத்து, வெளி உறையின் மேல் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். உள் உறை இல்லாவிட்டால் சீட்டு செல்லாது. தேதி எழுதாத உறைகள் பற்றி ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்கிறது. உறையில் போன் எண் எழுதக் கேட்டிருந்தால் எழுதிவிடுவது நல்லது. கையெழுத்தில் சந்தேகம் வந்தால் பல மாநிலங்களில் கூப்பிட்டுத் திருத்த வாய்ப்புத் தருவார்கள். அதற்குக் கெடு சில நாட்கள்தான். கடைசி நாளில் தபாலில் போட்டால் அன்றைய முத்திரை விழும் என்று நம்பியிருக்க வேண்டாம். கவுண்டி வைத்திருக்கும் பெட்டியில் நேரில் போடுவது மேல்.

குடியுரிமை பெற்றபின், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊரோடு வந்து தங்கிவிட்டவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஓட்டு உண்டு. அமெரிக்காவில் கடைசியாகக் குடியிருந்த மாநிலத்தில். 'ஃபெடரல் போஸ்ட் கார்டு அப்ளிகேஷன்' என்ற படிவத்தை ஒவ்வொரு ஆண்டும் புதிதாக அனுப்ப வேண்டும். போன தேர்தலுக்கு அனுப்பியது இதற்குச் செல்லும் என்று இருந்துவிடக் கூடாது. உரிய நேரத்தில் கேட்டவர்களுக்கு 45 நாள் முன்பே, அதாவது செப்டம்பர் 19-க்குள், வாக்குச்சீட்டை அனுப்ப வேண்டும் என்பது சட்டம். மின்னஞ்சலில் வரவழைத்துக்கொள்ளலாம். திருப்பி அனுப்புவது மின்னஞ்சலிலா, தபாலிலா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. நாகர்கோவிலிலிருந்து தபாலில் என்றால் மூன்று வாரமாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டு வரவே இல்லை என்றால், 'ஃபெடரல் ரைட்-இன் அப்சென்டி பாலட்' என்ற மாற்றுச் சீட்டைப் பதிவிறக்கி வேட்பாளர் பெயரை எழுதி அனுப்பலாம். இந்த வசதி பலருக்கும் தெரியாது.

வாக்கு எண்ணிக்கை பற்றி வாட்ஸ்அப்பில் நம் ஊரில் சுற்றும் செய்திகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 'அமெரிக்காவே மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டு வாக்குச்சீட்டுக்குப் போய்விட்டது' என்பது ஒன்று. ஏறக்குறைய எல்லா ஓட்டுக்கும் அங்கே காகிதம் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தக் காகிதத்தை எண்ணுவது ஸ்கேனர் மெஷின். ஒரே சீட்டில் மேலவை, பிரதிநிதிகள் சபை, ஆளுநர், நீதிபதி, ஷெரிஃப், பள்ளிக் குழு, உள்ளூர் வரித் தீர்மானம் என்று வரிசையாக இருக்கும்; கையால் எண்ணினால் நாளும் போதாது, பிழையும் கூடும். மெஷினை நம்ப வைப்பது அதற்குப் பின் நடக்கும் தணிக்கை. கொலராடோவில் 2017 முதல் மாநிலம் முழுக்க இதைச் செய்கிறார்கள். பொதுமக்கள் முன்னிலையில் பத்துப் பக்கப் பகடையை 20 முறை உருட்டி 20 இலக்க எண் ஒன்றை உண்டாக்குவார்கள். எந்தப் பெட்டியின் எத்தனையாவது சீட்டை எடுத்துப் பார்ப்பது என்று அந்த எண்ணிலிருந்தே தீர்மானமாகும். வெற்றி வித்தியாசம் குறைய குறைய, எடுத்துப் பார்க்கும் சீட்டுகள் கூடும். நம் ஊரில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத் என்ற கணக்கில் குமரி மாவட்டத்தின் 6 தொகுதிக்கு 30 பூத்தின் விவிபேட் சீட்டுகளை எண்ணுகிறோம். வித்தியாசம் 500 ஆனாலும் 50,000 ஆனாலும் அதே ஐந்து. இந்த ஒரு விஷயத்தில் கொலராடோ முறை மேலானது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

2020 அதிபர் தேர்தலில் மிச்சிகனின் ஆன்ட்ரிம் கவுண்டியில் முதல் இரவு பைடன் முன்னிலை என்று வந்தது. அது டிரம்பின் குடியரசுக் கட்சியின் கோட்டை. வாக்குச்சீட்டில் கடைசி நேரத்தில் செய்த திருத்தத்தை எல்லா மெஷினிலும் ஏற்றாமல் விட்டதால் வந்த பிழை. மறுநாளே திருத்தினார்கள்; பிறகு காகிதத்தைக் கையால் எண்ணியபோதும் டிரம்ப் வெற்றியே உறுதியானது. பிழை நடந்தது, காகிதம் இருந்ததால் பிடிபட்டது. ஆனால் அந்த முதல் இரவின் எண்ணை மட்டும் வெட்டி எடுத்து 'மெஷின் மோசடி' என்று உலகம் முழுக்கப் பரப்பினார்கள். மெஷின் நிறுவனமான டொமினியன் தொடுத்த அவதூறு வழக்கில், இத்தகைய பழியை ஒளிபரப்பிய ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

நள்ளிரவில் திடீரென ஓட்டுகள் வந்தன என்பது இன்னொன்று. பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தேர்தல் நாளுக்கு முன் தபால் உறைகளைப் பிரிக்கவே சட்டம் இடம் தரவில்லை. அதனால் அவை கடைசியில் எண்ணப்பட்டன. நாகர்கோவில் கோணம் மையத்தில் வாக்கு எண்ணும்போது கடற்கரை ஊர்ப் பெட்டிகள் எந்தச் சுற்றில் வருகின்றன, மலையோரப் பெட்டிகள் எந்தச் சுற்றில் வருகின்றன என்பதைப் பொறுத்து முன்னிலை ஏறி இறங்குவதை நம் மாவட்டத்து ஏஜெண்டுகள் எல்லோரும் அறிவார்கள். அதே கதைதான்.

அதே 2020 தேர்தலில் ஜார்ஜியாவில் பைடன் ஜெயித்தது 11,779 ஓட்டு வித்தியாசத்தில்; சுமார் 50 லட்சம் சீட்டுகளை மூன்று முறை, அதில் ஒருமுறை கையால், எண்ணினார்கள்; முடிவு மாறவில்லை. ஆனாலும் அங்கே எண்ணும் பணியில் இருந்த ரூபி ஃப்ரீமேனும் அவர் மகள் ஷே மோஸும் வீட்டில் இருக்க முடியாத அளவுக்கு மிரட்டப்பட்டார்கள். தாயும் மகளும் கைமாற்றிய பொருள் ஓட்டுத் திருடும் பென் டிரைவ் என்று குற்றஞ்சாட்டினார்கள். அது இஞ்சி மிட்டாய் என்று மகள் நாடாளுமன்ற விசாரணைக் குழுவில் சொன்னார். அவதூறு பரப்பிய, டிரம்பின் வழக்கறிஞராக இருந்த ரூடி ஜூலியானி 14.8 கோடி டாலர் தர வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஜூரி சொன்னது. பணம் வரும், போகும். இதைப் பார்த்த பிறகு எண்ணும் மேசைக்கு வர யார் முன்வருவார்? 1982 மண்டைக்காடு மதக் கலவரத்துக்குப் பிறகு, வதந்தி என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் கடந்து வந்த தேர்தல் வதந்தியைத் தமிழில் மாற்றி அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தொகுதி எல்லையைக் கட்சிக்கு வசதியாக வளைக்கும் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதில் இரண்டு கட்சிக்கும் கை சுத்தமில்லை. கட்சி ஆதாயத்துக்காக எல்லை வகுப்பதில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் 2025-ல் டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக 5 இடங்களைக் குறிவைத்து எல்லையை மாற்றியது. பதிலுக்கு கலிபோர்னியா நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டது. 2008 மறுசீரமைப்பில் திருவட்டார் தொகுதி மறைந்ததை நினைவில் வைத்திருக்கும் நமக்கு, எல்லைக்கோட்டின் வலிமை தெரியும். நம் நாட்டில் அந்த வேலையை ஒரு தனி ஆணையம் செய்கிறது. அடுத்த மறுசீரமைப்பு எப்போது வந்தாலும் அந்த ஏற்பாட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடைசியாக, குடியுரிமை இன்னும் வாங்காதவர்கள். எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு, மாணவர் விசாவில் உள்ளவர்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டு இல்லை. லைசென்ஸ் எடுக்கப் போகும்போது, 'வாக்காளராகப் பதிவு செய்யலாமா' என்று திரையில் ஒரு கேள்வி வரும். அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தி, குடிமகன் என்ற கட்டத்திலும் குறி போட்டுவிட்டால், அது பொய்யாகக் குடியுரிமை கோரிய குற்றம். என்-400 படிவத்தில், இதற்கு முன் வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா என்று நேராகவே கேட்பார்கள். தெரியாமல் செய்தேன் என்றாலும் குடியுரிமை மறுக்கப்படலாம்; நாடு கடத்தவும் செய்வார்கள். தவறிப் பதிவாகிவிட்டது என்று தெரிந்தால், ஓட்டுப் போடாமல், குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்த பிறகே அடுத்த காலடி எடுத்து வைக்க வேண்டும். இவர்கள் இந்தியக் குடிமக்கள்தான். படிவம் 6ஏ கொடுத்துப் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிவு செய்யலாம். ஆனால் தேர்தல் அன்று பாஸ்போர்ட்டோடு பூத்துக்கு நேரில் வர வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டவர்களுக்கோ இங்கே ஓட்டு கிடையாது. வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை ஓட்டுரிமை தராது. தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் நீங்கின. ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாத தூத்தூர்ப் பக்கத்து மீனவர் பெயர் விடுபட்டால் படிவம் 6 கொடுத்துச் சேர்த்தே தீர வேண்டும். அதே வீச்சில், அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட மகன் பெயரை 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அவருக்காகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-வது பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். படிவம் 7 கொடுத்து அந்தப் பெயரை எடுத்துவிடலாம்; வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமே (பிஎல்ஓ) கொடுக்கலாம், செலவு எதுவும் இல்லை.

இன்னொன்று: பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' போடலாம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு செய்தி சுற்றுகிறது. அது பொய். இங்கே சேலஞ்ச் என்பது வந்தவர் ஆள்மாறாட்டம் செய்கிறார் என்று ஏஜெண்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டார் என்றால் டெண்டர் ஓட்டு உண்டு. பட்டியலிலேயே பெயர் இல்லாதவருக்கு இரண்டும் இல்லை. அமெரிக்காவில் மட்டும், பெரும்பாலான மாநிலங்களில், பெயர் இல்லை என்று சொன்னாலும் 'ப்ரொவிஷனல் பாலட்' கேட்டு வாங்கிப் போட்டுவிட்டு வரலாம். தகுதி உண்டா என்று பிறகு சரிபார்த்து எண்ணுவார்கள். கேட்டால்தான் தருவார்கள், தரும் சீட்டு எண்ணை வாங்கி வைத்து, சில நாள் கழித்து எண்ணினார்களா என்று விசாரிக்க வேண்டும். வேறு பூத்தில் போட்டால் பல மாநிலங்களில் எண்ணாமலே விட்டுவிடுவார்கள் என்பதால், எந்தப் பூத் என்பதை முந்தின நாளே உறுதி செய்துகொள்வது அவசியம்.

ஆகஸ்ட் 5, செப்டம்பர் 19, நவம்பர் 3 ஆகிய மூன்று தேதிகளையும், அக்டோபர் முதல் வாரத்திலேயே பல மாநிலங்களில் பதிவு முடிந்துவிடும் என்பதையும் தங்கள் நாளிதழ் மாவட்டப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் கட்டி முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இங்குள்ள பெற்றோர் அதைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.